நாலு மணிக்கு எண்பத்தைந்து

மெர்ல் டாக்கெட்டிடம் ஒரு பெருமை இருந்தது. ஏசி ரிப்பேர் செய்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து, இயந்திரத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி "புதுசுதான் வாங்கணும்" என்பார்கள். மெர்ல் போனிலேயே வியாதியைச் சொல்லிவிடுவான். "வெளிய போய் மெஷின்கிட்ட காதைக் குடுத்துக் கேளுங்க. உறுமுதா, சும்மா கெடக்கா? மேல ஃபேன் சுத்துதா?" என்று நாலு கேள்வி கேட்பான். அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். பல சமயம் போனிலேயே சரியும் செய்துவிடுவான். ஃபில்டர் அடைத்திருக்கிறது, உருவி எடுங்கள். சுவரில் குளிரின் அளவை வைக்கிற தெர்மோஸ்டாட்டில் பேட்டரி செத்துவிட்டது, மாற்றுங்கள். இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டான். அரிசோனாவில் மேசா ஊரின் கிழக்கு ஓரத்து டிரெய்லர் வீடுகளில் தனியாகக் கிடக்கிற கிழவன் கிழவிகளுக்கு, பெற்ற பிள்ளையின் நம்பரைவிட மெர்லின் நம்பர்தான் மனப்பாடம்.

முப்பத்து நாலு வருஷமாக இதே வேலை. ஐம்பத்தொன்பது வயது, தேய்ந்த முழங்கால், கூரைத் தகட்டில் கைவைத்துக் கைவைத்துக் காய்ந்துபோன உள்ளங்கை. நல்லவன் என்று ஊரில் பெயர். நல்லவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "மெர்ல் இருக்கான், பயமில்லை" என்று யாராவது சொன்னால் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே பாதி உதவி செய்தான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

ஆர்டித் கோஸ்கி அவனுடைய பன்னிரண்டு வருஷ வாடிக்கை. எழுபத்தொன்பது வயது. பிறந்தது வடக்கே மிச்சிகனில், பனியில். புருஷனின் நெஞ்சுச் சளிக்காக இந்த வறண்ட ஊருக்கு வந்தவர்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், அவள் தங்கிவிட்டாள். மெர்ல் எப்போது வந்தாலும் ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டியை வெட்டிவைப்பாள்.

"எங்க ஊர்ல விடுற மூச்சே மூக்குக்குக் கீழ ஒறைஞ்சு மீசையாயிடும். எங்கம்மாவுக்குப் பனி இல்லாமலே மீசை இருந்துச்சு, அது வேற கதை" என்பாள்.

"உங்களுக்கு இன்னும் வரலையே, மிஸ் ஆர்டித்."

"இங்கதான் வேர்த்து வேர்த்து உதிர்ந்துருதேப்பா."

அந்த ஊரில் நாலு மணி என்பது ஒரு அனுஷ்டானம். கோடையில் மாலை நாலிலிருந்து ஏழு வரை கரண்ட் விலை மூன்று மடங்கு. அதனால் நாலுக்குள் வீட்டைப் பனிக்கட்டியாகக் குளிர்வித்துக்கொள்வார்கள். நாலு அடிக்கும்போது தெர்மோஸ்டாட்டை எண்பத்தைந்துக்கு (அங்கே ஃபாரன்ஹீட் கணக்கு, நம் கணக்கில் முப்பதுக்குக் கொஞ்சம் கீழே) ஏற்றிவிடுவார்கள். ஏசி நின்றுபோகும். துணி துவைக்கிற மெஷின் ஓடாது, அடுப்பு எரியாது. திரையை இழுத்து மூடிக்கொண்டு ஏழு மணிவரை அசையாமல் கிடப்பார்கள். பணக்காரன் வீட்டிலும் இதுதான், டிரெய்லரிலும் இதுதான். ஆர்டித் இருபது வருஷம் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே தெர்மோஸ்டாட்டின் முன்னால் போய் நின்றவள். மறந்த நாள் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனது. எழுந்து நடப்பது சிரமம். மெர்ல் ஒரு வீட்டில் கழற்றிய நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தான். காசு வாங்கவில்லை.

"இனிமே நீங்க எழுந்திரிக்கவே வேணாம், மிஸ் ஆர்டித். நாலு மணிக்கு அதுவே எண்பத்தஞ்சுக்கு ஏறிக்கும். ஏழு மணிக்கு அதுவே எறங்கிக்கும். நானே நேரம் போட்டு வெச்சிருக்கேன்."

"அப்ப எனக்கென்ன வேலை?"

"ராணி மாதிரி உக்காந்திருங்க."

அவளும் உட்கார்ந்துவிட்டாள். நாளடைவில் அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற பொருளை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அந்த ஜூலையில் பதினோரு நாளாக வெயில் நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் நூற்றுப் பதினாறு. மதியம் ஒன்றேகாலுக்கு மெர்ல் ஒரு வீட்டுக் கூரைமேல் இருந்தபோது போன் வந்தது.

"ஏம்ப்பா மெர்ல், என் மெஷினுக்கு வாய்வுத் தொல்லை வந்துருச்சு. உறுமிக்கிட்டே நிக்குது, காத்து குளிரா வரல."

"மேல ஃபேன் சுத்துதா?"

"சுத்தல. வெறும் உறுமல்தான்."

மெர்லுக்கு அது போதும். நம் வீட்டு மின்விசிறி சில சமயம் தானாகச் சுற்றாமல், கையால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றுமே, அதே வியாதி. கெப்பாசிட்டர் போய்விட்டது. உள்ளங்கை அளவு டப்பா, மாற்றப் பத்து நிமிஷம். ஆனால் அந்த அளவில் வேனில் இருந்த கடைசி டப்பாவை அன்று காலையில்தான் ஒரு வீட்டில் போட்டிருந்தான். சாமான் கடை அவன் இருந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரம். அதற்குள் ஏழு வீடு காத்திருந்தது. ஒன்றில் பிறந்து ஒன்பது நாளான குழந்தை.

"மெல்லிசா நீளமா ஒரு குச்சி இருக்கா?"

"எம் புருஷனோட தூண்டில் கழி இருக்கு."

"மேல கம்பி வலைக்குள்ள விட்டு, ஃபேன் இறக்கையை ஒரு தள்ளு தள்ளுங்க. கழியைச் சட்டுனு வெளிய எடுத்துருங்க."

போனில் அவள் மூச்சிரைத்துக்கொண்டு வெளியே போவதும், வெயிலைத் திட்டுவதும் கேட்டது. பிறகு 'விர்ர்' என்று ஒரு சத்தம்.

"ஓடிருச்சு! நாப்பது வருஷத்துல இந்தக் கழியால அந்த மனுஷன் ஒரு உருப்படியான மீன் புடிச்சதில்ல. இன்னிக்குத்தான் புண்ணியம் கட்டிக்கிச்சு."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று மெர்ல் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். அந்தச் சிரிப்பு வந்தது.

"நல்லாக் கேளுங்க. இப்ப இது நின்னுச்சுன்னா மறுபடி தானாச் சுத்தாது. நிக்கவே விடக் கூடாது. தெர்மோஸ்டாட்டை எழுபதுக்கு எறக்குங்க. இந்த வெயில்ல வீடு எழுபதைத் தொடவே தொடாது, அதனால விடிய விடிய ஓடிக்கிட்டே இருக்கும். உள் ஃபேன் சுவிட்சு 'ஆட்டோ'வுல இருக்கும், அதை 'ஆன்'ல போடுங்க. காத்து விடாம வரும். அப்புறம் எதையும் தொடாதீங்க. நான் காலைல ஆறு, ஆறரைக்கு டப்பாவோட வந்துடறேன்."

ஆர்டித் சொன்னதையெல்லாம் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நாலு மணிக்கு?"

"நாலு மணிக்கும் தொடாதீங்க. ஒரு நாள் பில் ஏறினா ஏறட்டும்."

அவள் கேட்டே விட்டாள். மெர்ல் அவளுடைய கையை நினைத்துப் பதில் சொன்னான். தான் போட்டுவைத்த கடிகாரத்தை நினைக்கவில்லை. அந்தப் பெட்டியில் 'ஹோல்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் நாம் வைத்த எண் நிற்கும். அழுத்தாவிட்டால் அடுத்த நேரம் வந்ததும் பழைய கணக்குக்கே போய்விடும். இதை மெர்ல் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டாள். "வீட்டுக்குள்ள பனிக்கரடி வளக்கலாம் போல இருக்குப்பா. நாளைக்கு உனக்கு ரொட்டி உண்டு" என்றாள். மெர்ல் நிம்மதியாக அடுத்த வீட்டுக்குப் போனான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான் என்பதைத்தான் பிற்பாடு அவனால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் சாமான் கடை திறந்ததும் டப்பாவை வாங்கிக்கொண்டு ஆறே முக்காலுக்கு வந்துசேர்ந்தான். வெளி மெஷினின் மேல் தூண்டில் கழி சாய்ந்திருந்தது. மெஷின் ஓடவில்லை. மேல் தகட்டில் கைவைத்தான், சுட்டது. ஃபேன் சுற்றாமலே கம்ப்ரசர் மறுபடி மறுபடி கிளம்பப் பார்த்து, சூடேறி நின்றிருக்கிறது. கதவைத் தட்டினான். கூப்பிட்டான். பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருப்பது அவனுக்குத் தெரியும்.

உள்ளே கூரைத் துவாரங்களிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நிற்காமல், ஜோராக, இஸ்திரிப் பெட்டியின் ஆவி மாதிரி வந்துகொண்டிருந்தது. உட்கூரைக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் போகிற குழாயின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டியது. அவன் போடச் சொன்ன 'ஆன்' சுவிட்ச் அது. காற்று வருகிறதே, ஏசி ஓடுகிறது என்று அவள் நினைத்திருப்பாள். ஆர்டித் சாய்வு நாற்காலியில் இருந்தாள். கழுத்தில் சுற்றியிருந்த ஈரத்துணி காய்ந்து மொறமொறத்துக் கிடந்தது. பக்கத்து முக்காலியில் துணி மூடிய தட்டில் ரொட்டி.

அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகு என்ன செய்தான் தெரியுமா? தெர்மோஸ்டாட்டின் முன்னால் போய் நின்றான். முப்பத்து நாலு வருஷப் பழக்கம், கால் அங்கேதான் போகும். அறையின் சூடு தொண்ணூற்றெட்டு. பொத்தானை அழுத்தி உள்ளே இருக்கிற நேரக் கணக்கைப் பார்த்தான். மாலை நாலு: எண்பத்தைந்து. அவன் போட்டது. நாலு மணிக்கு அது தானாக ஏறியிருக்கிறது, ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றிருக்கிறது, வீடு சூடேறி மறுபடி கிளம்பவேண்டியபோது ஃபேன் சுற்றவில்லை. அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே சுவரில் ஒரு பழைய கடித உறை ஒட்டியிருந்தது. நடுங்கின எழுத்து. "தொடாதே. நாலு மணிக்கும் தொடாதே. மெர்ல் காலையில் வருவான்." இருபது வருஷப் பழக்கம் தன் கையை இழுத்துவிடுமோ என்று தனக்குத்தானே எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

மெர்ல் அந்தக் காகிதத்தைக் கிழியாமல் உரித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போன் செய்தான்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். வயதானவர்களுக்கு உடம்பு சூடேறுவது அந்த உடம்புக்கே சரியாகத் தெரியாது, மயங்கித் தூக்கத்திலேயே போயிருப்பாள் என்றார். "ஓடிட்டிருந்த மெஷின் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு இங்க எல்லார் வீட்டுலயும் எண்பத்தஞ்சுதானே, சார்" என்றான் மெர்ல்.

அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பது இதுதான். ஒரு வார்த்தை பொய் இல்லை, ஒரு வார்த்தை உண்மையும் இல்லை.

மகன் வெண்டல், ஐம்பத்திரண்டு வயது, லாரி ஓட்டுகிறவன், வடக்கே ஃப்ளாக்ஸ்டாஃபில் இருப்பவன். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமசுக்கு வருவான், ஏசியே தேவைப்படாத மாதம் அது. தெர்மோஸ்டாட் மாறினது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு மணிக்குச் சுவரின் முன்னால் போய் நிற்கிற அம்மா. பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி பேசினான்.

"கஞ்சத்தனம். எங்கம்மாவைக் கஞ்சத்தனம்தான் கொன்னுச்சு. ஒரு ஹாம்பர்கர் விலை மிச்சம் புடிக்கப் போய் உசுரை விட்டுருக்கா."

பிறகு மெர்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியும். அவ கேக்கற ஆளா? உங்க மேல ஒரு குத்தமும் இல்ல, மெர்ல்."

மெர்லின் சட்டைப் பையில், அவன் நெஞ்சுக்கும் வெண்டலின் நெஞ்சுக்கும் நடுவில், அந்தக் காகிதம் நசுங்கியது.

மனைவி நோரீனிடம் மட்டும் சொன்னான். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? போனவங்க திரும்பி வரப்போறாங்களா? உன் லைசென்ஸ் போகும், வீடு போகும். நீ வேணும்னேயா செஞ்சே?"

"இல்ல."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டுதான் இருந்தான். போன் வைத்தியத்தை விட்டுவிட்டான். யார் கூப்பிட்டாலும், "ஒண்ணும் செய்யாதீங்க, நேர்ல வரேன்" என்பான். பேட்டரி மாற்றுவதற்குக்கூட இருபது மைல் ஓட்டிக்கொண்டு போனான். ஊரில் அதற்கும் நல்ல பெயர்தான் கிடைத்தது. "மெர்ல் மாதிரி வருமா" என்றார்கள். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு எங்கே இருந்தாலும் அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

செப்டம்பர் கடைசியில் வெண்டல் கூப்பிட்டான். டிரெய்லரை விற்கிறான். வாங்குகிறவர்கள் ஏசி ஓட வேண்டும் என்கிறார்கள். வெயில் குறைந்திருந்தது, நூற்றிரண்டுதான். மெர்ல் மூன்று மணிக்குப் போனான். வெண்டலின் லாரிக்குப் பின்தட்டில் சாமான் ஏறியிருந்தது. ஸ்பானர் பெட்டிக்கும் கயிற்றுச் சுருளுக்கும் நடுவில் பழுப்பு அட்டைப்பெட்டி ஒன்று, மேலே ஒரு பெயர்ச் சீட்டு. ஆர்டித் எம். கோஸ்கி.

"சாம்பலை இன்னும் கொண்டுபோகலையா?" என்று கேட்டான் மெர்ல்.

"மிச்சிகன்ல அவங்க ஊர் ஏரியில போடணுமாம். எழுதி வெச்சிருக்கா." வெண்டல் ஒரு பெட்டியைத் தூக்கித் தொப்பென்று போட்டான். "மனசு வரல, மெர்ல். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டுப் போனா வழியெல்லாம் திட்டிக்கிட்டேதான் போவேன். எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான். நாலு காசா நானான்னு வந்தப்போ, காசை எடுத்துக்கிட்டா."

மெர்ல் வெளியே போய் வேலையைப் பார்த்தான். மூடியைக் கழற்றி, உப்பிப்போன பழைய டப்பாவை எடுத்துப் புதியதைப் பொருத்தினான். பன்னிரண்டு நிமிஷம். ஃபேன் தொட்டவுடன் சுற்றியது; அரை மணியில் வீடு குளிர்ந்து மெஷின் தானாக நின்றது. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை அவன் ஜூலையில் கொடுத்திருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைத் துடைத்துவிட்டுப் போவதுதான் அவன் திட்டம். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் நேரக் கணக்கெல்லாம் அழிந்துபோகும். அழிந்தால் உலகத்தில் சாட்சி கிடையாது. மூன்று ஐம்பதுக்கு அதன் முன்னால் நின்று கட்டைவிரலை வைத்தான். சுவரில் ஒட்டுப்பசையின் தடம் நாலு மூலையிலும் இன்னும் இருந்தது. பின்னால் வெண்டல் சமையலறை இழுப்பறையைக் கவிழ்த்துக்கொண்டு, "பாரு, பழைய ரப்பர் பேண்ட், ஒரு டப்பா நெறைய. கஞ்சப் பிசினாரி" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

மெர்ல் விரலை எடுத்தான்.

"வெண்டல், இங்க வாங்க. உங்க கையால இதை எழுபதுக்கு எறக்குங்க."

"எதுக்கு?"

"எறக்குங்களேன்."

வெண்டல் வந்து இறக்கினான். வெளியே மெஷின் கிளம்பியது, குளிர்காற்று வந்தது. "ஓடுதே, நல்லாத்தானே இருக்கு" என்றான்.

"எட்டு நிமிஷம் நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

இருவரும் நின்றார்கள். வெண்டல் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தான், ஒருமுறை மெர்லின் முகத்தைப் பார்த்தான். நாலு அடித்தது. பெட்டிக்குள் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். எழுபது இருந்த இடத்தில் எண்பத்தைந்து நின்றது. வெளியே ஃபேன் மெதுவாகி நின்றுபோனது.

"யார் தொட்டது?" என்றான் வெண்டல்.

"யாரும் தொடலை."

"அப்ப எப்படி..."

"தானா ஏறும். தினம் நாலு மணிக்கு. அன்னிக்கும் அப்படித்தான் ஏறுச்சு."

வெண்டலுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் வெச்சது இது?"

"நான்தான். அவங்க நடக்க வேணாமேன்னு வெச்சேன். அன்னிக்குப் போன்ல அதை நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன். ஒரு பொத்தான். சொல்லல." மெர்ல் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "இது இங்க ஒட்டியிருந்துச்சு. நான் உரிச்சு எடுத்துக்கிட்டேன்."

வெண்டல் வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான். அடிப்பான் என்று மெர்ல் எதிர்பார்த்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவன் அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தொடவே இல்லையா?"

"தொடலை."

"ரெண்டு மாசம்" என்றான் வெண்டல். "ரெண்டு மாசமா எங்கம்மாவைத் திட்டிக்கிட்டிருந்தேன். ஜனங்க முன்னாடி திட்டினேன். நீ என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னே."

வெண்டல் கையால் கதவைக் காட்டினான்.

"வெளிய போ. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். நீ போ."

"நானும் சொல்றேன்" என்றான் மெர்ல்.

வேனில் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டான், திருப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெண்டல் வெளியே வந்தான். ஒரு கையில் தூண்டில் கழி, ஒரு கையில் அந்தக் காகிதம். லாரியின் பின்தட்டில் ஏறி, கழியைக் கிடத்தி, காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்பானர்களுக்கும் கயிற்றுக்கும் நடுவிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்தான். தூசியைச் சட்டையால் துடைத்தான். இறங்கி வந்து, தன் பக்கத்து முன் இருக்கையில் அதை வைத்து, சீட் பெல்ட்டை இழுத்துச் சுற்றி மாட்டினான். ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, லாரியை நகர்த்தும் முன் ஏசியைப் போட்டான். காற்றுத் துவாரத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பிவைத்தான்.

மெர்ல் இருந்த பக்கம் அவன் பார்க்கவே இல்லை.